சிவந்ததெல்லாம் செம்மண் அன்று

சிவந்த மண்ணெல்லாம் ஒரே மண் என்று எண்ணி ஐந்து ஏக்கர் நிலம் வாங்கியவர் நம் அத்தா. செம்மண்ணுக்கும் லேட்டரைட் மண்ணுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக என்று தேர்வுத் தாளில் வினாக் கொடுத்து, 1986 முதல் 2017 வரை பிள்ளைகளின் விடைகளைத் திருத்தியவர்கள் நாம். அத்தா அந்த வினாவுக்குக் கொடுத்த விலை அவருடைய இருபதாண்டுச் சேமிப்பு. நாம் அதற்கு அளித்து வந்ததோ ஐந்து மதிப்பெண்.

நம் பூர்வீகம் திண்டுக்கல்லை அடுத்த ஒரு சிற்றூர். அங்கே வீட்டுச் சுவரும் செம்மண், வரப்பும் செம்மண், மழைக்காலத்தில் வேட்டியின் கரையும் செம்மண். பாட்டனார் காலத்தில் மூன்று குறுக்கம் நிலத்தில் நிலக்கடலையும் சோளமும் மானாவாரியாக விளைந்தன. நிலம் பங்குபட்டுச் சிறுத்துப் போகவே, அத்தா ஜவுளி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்கு வந்தார். ஊர் ஊராகச் சென்று புடவை விற்றவருக்கு உள்ளமெல்லாம் ஓர் ஏக்கம்தான்: மீண்டும் கொஞ்சம் நிலம். 1971இல் கந்தர்வகோட்டைப் பக்கம் ஐந்து ஏக்கர் விலைக்கு வந்தது. போய்ப் பார்த்தார். செக்கச் செவேலென்று கிடந்தது பூமி. கையில் ஒரு பிடி அள்ளி வந்து நம் தாயாரிடம் காட்டி, “பார், நம்ம ஊரு மண்ணு” என்றாராம். தாயாரின் கைக்காப்புகளும் அட்டிகையும் அந்த ஒரு பிடி மண்ணுக்காகப் போயின. வடகாடு, கீரமங்கலம் பக்கத்து நிலத்தைவிட இது ஏன் இத்தனை மலிவு என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. ஆசைப்பட்டவன் விலை குறைவதைக் கண்டால் காரணம் கேட்பதில்லை, அல்ஹம்துலில்லாஹ் என்பான்.

முதல் ஆண்டுக் கடலை, போட்ட விதைக்கும் திரும்பவில்லை. கடலைச் செடியின் இயல்பு விந்தையானது. பூ மேலே பூக்கும். பூத்த பின் காம்பு வளைந்து மண்ணுக்குள் இறங்கி அங்கே காய்க்கும். மண் இளகிய மண்ணாக இருந்தால்தான் அந்த மெல்லிய காம்பு இறங்கும். நம் நிலத்தின் மேல்பரப்பில் மிளகும் சுண்டைக்காயுமாகக் கிடந்த சரளையின் மீது அந்தக் காம்புகள் முட்டி நின்று வாடியதை, பன்னிரண்டு வயதில் நாம் கண்ணாரக் கண்டோம். மழை போதவில்லை என்று அத்தா தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். மறு ஆண்டுக் கோடையில் கடன் வாங்கிக் கிணறு வெட்டத் தொடங்கினார்.

இரண்டடியில் கடப்பாரை ‘ணங்’ என்றது. வெட்டியவர்களின் தலைவர் வயது முதிர்ந்தவர். நம் பெயருக்குரிய மரியாதை குன்றாமல் பேசுபவர். குழியிலிருந்து மேலேறி வந்து, “ராவுத்தரே, இது மண்ணில்லே. செம்புராங்கல்லு. உங்களுக்கு யாரு இதைச் செம்மண்ணுன்னு சொன்னது?” என்று கேட்டார். அத்தா பதில் சொல்லவில்லை. பெரியவர் அந்தக் கட்டியில் ஒன்றை எடுத்து, நாங்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஒரு சட்டியில் ஊற்றி அதனுள் போட்டார். சோறுண்டு முடிக்கும்வரை அது அப்படியே கிடந்தது. நீர் சற்றே நிறம் மாறியது; கட்டி கரையவில்லை. “செம்மண்ணா இருந்தா இந்நேரம் குழம்பாப் போயிருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

பிற்காலத்தில் கல்லூரியில் நாம் படித்த மண்ணியல் முழுவதும் அந்தச் சட்டிக்குள் அன்றே அடங்கியிருந்தது. செம்மண் நிலத்தில் விழுந்த மழைநீரைப் பாடி அதனாலேயே பெயர் பெற்ற புலவர் ஒருவர் குறுந்தொகையில் இருக்கிறார். நீரும் மண்ணும் பிரிக்க இயலாமல் கலந்த அந்தக் காட்சியை அவர் செம்புராங்கல் மேட்டில் நின்று கண்டிருக்க இயலாது என்பது நம் துணிபு.

இரண்டுக்கும் சிவப்பு வந்த வழி ஒன்றுதான். பாறைகளில் உள்ள இரும்பு காற்றும் ஈரமும் பட்டுத் துருவாகிறது. ஆணி துருப்பிடித்துச் சிவப்பது போலவே மண்ணும் சிவக்கிறது. நீர் சேர்ந்த துருவாயின் மஞ்சள் தட்டும். நீர் நீங்கிய துருவாயின் செம்மை கூடும். ஆனால் நிறம் என்பது மேற்போர்வை. கருங்கல்லும் வரிப்பாறையும் பல்லாயிரம் ஆண்டு வெயிலிலும் மழையிலும் பொடிந்து உண்டானது செம்மண். அதில் மணல் இருக்கும், களி இருக்கும், அவற்றின் மீது மெல்லிய படலமாக இரும்புத் துரு பூசியிருக்கும். தழைச்சத்தும் மணிச்சத்தும் மக்கிய இலைச்சத்தும் அதில் குறைவு, ஏழை மண்தான். ஆனால் அது கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் ஏழை. ஏரி வண்டல் பத்து வண்டி அடித்து, ஆட்டுக்கிடை இரண்டு இரவு போட்டால் மறு ஆண்டே முகம் மலரும்.

லேட்டரைட் எனப்படும் செம்புரை மண்ணோ பாறை பொடிந்ததோடு நின்றுவிட்ட மண் அன்று. கழுவிக் கழுவி மிஞ்சிய மண். அடைமழையும் கடுங்கோடையும் மாறி மாறி வரும் வெப்ப நாடுகளில், மழைநீர் இறங்கும்போதெல்லாம் சுண்ணச்சத்தையும் சாம்பல்சத்தையும் ஏனைய உப்புக்களையும் கரைத்துக்கொண்டு போகிறது. நீண்ட காலத்தில் மணற்சத்தாகிய சிலிக்காவும் மெல்ல மெல்லக் கரைந்து நீங்குகிறது. எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் எஞ்சி நிற்கின்றன. நிலத்தடி நீர் மழையில் ஏறிக் கோடையில் இறங்கும்போது இரும்பும் இடம் பெயர்ந்து ஓரிடத்தில் படிந்து, காய்ந்து, இறுகுகிறது. இதற்கு ஓராயுள் அன்று, பல இலட்சம் ஆண்டுகள் வேண்டும். அலுமினியம் மிகுந்த இடத்தில் அதுவே பாக்சைட் ஆகிறது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் உச்சிகளில் கிடைப்பது அதுவே.

இந்தக் கல்லுக்கு ‘லேட்டரைட்’ என்று பெயர் வந்த ஊரை நேரில் காணும் வாய்ப்பு, பெரிந்தல்மண்ணையில் ஒரு நண்பர் வீட்டு நிக்காஹ் விருந்துக்குச் சென்றபோது கிடைத்தது. பக்கத்திலேயே அங்காடிப்புரம். இன்றைய மலப்புறம் மாவட்டத்தில், மாப்பிள்ளைச் சமுதாயத்தார் மிகுந்து வாழும் பகுதி அது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனியார் பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவரை மைசூர், கன்னடம், மலையாள நாடுகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை தருமாறு அனுப்பினர். 1800, 1801 ஆண்டுகளில் அவர் பயணம் செய்து எழுதியது 1807இல் மூன்று தொகுதிகளாக இலண்டனில் வெளிவந்தது. அங்காடிப்புரத்தில், மண்ணுக்குள் இருக்கையில் இரும்புக் கருவியால் எளிதில் அறுக்கக்கூடியதாகவும் வெளியே எடுத்துக் காற்றில் வைத்தால் செங்கல்லைப் போல் இறுகிப் போவதாகவும் ஒரு கல்லைக் கண்டார் அவர். அங்குள்ளோர் அதனை இட்டிகைக்கல் என்று வழங்கினர். இட்டிகை என்றால் செங்கல். நம் பழந்தமிழிலும் அச்சொல் உண்டு. இலத்தீனில் செங்கல்லுக்கு ‘லேட்டர்’ என்று பெயர். புக்கானன் செய்ததெல்லாம் மலையாளத்துக் கூலியாட்களின் சொல்லை இலத்தீனாக்கியதுதான். உலகமெங்கும் பாடநூல்களில் அவர் பெயர் நிற்கிறது. கல்லை வெட்டியவன் பெயரை எவர் எழுதி வைத்தார்?

அங்காடிப்புரத்தில் அந்தப் பாறைமுகத்தை 1979இல் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். நமக்கோ அந்தச் சின்னத்தைவிட, நண்பர் வீட்டுக்குப் பின்புறம் இருந்த கல்வெட்டுக் குழிதான் கண்ணை விட்டு அகலவில்லை. நிலத்தைத் துண்டு துண்டாக, அல்வா அறுப்பது போல் அறுத்து அடுக்கியிருந்தார்கள். அங்கே அதற்கு வெட்டுக்கல் என்று பெயர். வீடும் அதில்தான், மதிலும் அதில்தான், கிணற்றின் உட்சுவரும் அதில்தான். 1505இல் போர்ச்சுகீசியர் கண்ணூரில் எழுப்பிய கோட்டையும் இந்தக் கல்லால் ஆனதே; கடற்காற்றைத் தாங்கி இன்னும் நிற்கிறது. நம் அத்தாவை முறித்த கல் மற்றோரிடத்தில் மனிதர்க்குக் கூரை தாங்குகிறது என்பதை அந்தக் குழியின் விளிம்பில் நின்றபோது உணர்ந்தோம். நண்பரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிரியாணி மட்டும் அன்று இறங்கவில்லை.

ஒரு ஐயம் வாசகர்களுக்கு எழலாம். நம் மாணவன் ஒருவனுக்கும் எழுந்தது. “ஐயா, லேட்டரைட் மழை மிகுந்த இடத்தில்தான் வரும் என்கிறீர்கள். நம் புதுக்கோட்டையில் மழை எங்கே?” என்று கேட்டான். பாடநூலில் அதற்கு விடை இல்லை. மலையாளக் கரையில் ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவுக்கு மழை. நம் பக்கம் ஆயிரத்தைத் தொடுவதே அரிது. உண்மை என்னவெனில், புதுக்கோட்டையிலும் தஞ்சையை அடுத்த வல்லத்திலும் உள்ள செம்புரைப் படிவங்கள் இன்றைய மழையில் உண்டானவை அல்ல. இந்நிலம் இன்னும் ஈரமாக இருந்த ஒரு தொல்காலத்தின் எச்சங்கள் அவை. கடலூர் மணற்பாறை எனப்படும் பழைய படிவத்தின்மேல் தொப்பி போல் கவிந்து கிடக்கின்றன. ஆதலால் ஒரே மாவட்டத்தில், ஒரே மழையில், பத்துக் கல் தொலைவுக்குள் பலாவும் பூவும் கொழிக்கும் செம்மண் ஒருபுறம், கடப்பாரை எகிறும் செம்புரை ஒருபுறம் என்று அமைந்துவிட்டது. அத்தா ஏமாந்ததில் வியப்பில்லை.

சிவப்பில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. காயல்பட்டினத்து நண்பர் ஒருவர், “எங்கள் பக்கத்துத் தேரியும் செம்மண்தானே?” என்று ஒருமுறை நம்மோடு வாதிட்டார். குதிரைமொழித் தேரியும் சாத்தான்குளத்துத் தேரியும் காற்று குவித்த மணல்மேடுகள். ஒவ்வொரு மணலின் மீதும் துரு பூசியிருப்பதால் சிவந்து தோன்றுகின்றனவே தவிர, அவை செம்மண்ணும் அல்ல, செம்புரையும் அல்ல. அங்கே பனை நன்றாக நிற்கும். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை, பிறந்த ஊர் மண்ணைப் பற்றிய வாதத்தில் எவரும் ஒப்புக்கொள்வதில்லை.

நம் கிணறு பதினோரடிக் கல்லைத் தாண்டிய பின் புள்ளி புள்ளியான களிமண்ணுக்குள் இறங்கி, நாற்பதடியில் பணம் தீர்ந்து நின்றது. ஊறியது சில குடம் நீர். செம்புரை ஓட்டைக் கல். பெய்த மழையை மேலே பிடித்து வைக்காது, கீழே விட்டுவிடும். செம்மண்ணும் நீரை எளிதில் விடுவதுதான், எனினும் ஓரிரு உழவுக்கு வேண்டிய ஈரம் அதில் தங்கும். அந்த ஆண்டு அத்தா மீண்டும் ஜவுளி மூட்டையைத் தூக்கினார். தாயார் காப்பில்லாத கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திருமண வீடுகளுக்குச் சென்று வந்ததை எழுதக் கை கூசுகிறது.

நிலத்தை விற்கவும் ஆளில்லை. அப்போது ஆதனக்கோட்டையில் முந்திரி வறுத்துச் சாலையோரம் விற்கும் ஒரு மூதாட்டிதான், “கடலைக்கு அழுவாதீங்க அத்தா, கொல்லாமரத்தை வச்சுப் பாருங்க” என்றார். கொல்லாமரம் என்பது முந்திரிக்கு அப்பக்கத்து வழக்கு. 1976இல் கொட்டைகளை ஊன்றினார்கள். கல்லின் வெடிப்பைத் தேடித் தேடி வேர் விடும் இயல்பு முந்திரிக்கு உண்டு. புளிப்பு மண்ணையும் அது பொறுத்துக்கொள்ளும். நாம் ஆசிரியப் பணியேற்ற பின் அந்த மண்ணைச் சோதனைக்குக் கொடுத்தோம். அமில நிலை 5.1 என்று வந்தது. ஏழு என்பது நடுநிலை. செம்மண் பெரும்பாலும் அதன் அருகிலேயே நிற்கும். செம்புரையின் புளிப்பில் இட்ட மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பற்றிக்கொண்டு வேருக்குக் கொடாமல் பூட்டிவிடுகின்றன. அத்தா மூட்டை மூட்டையாகப் போட்ட சூப்பர் பாஸ்பேட் எங்கே போயிற்று என்பது அன்றுதான் நமக்கு விளங்கியது. சுண்ணாம்பு இட்டுப் புளிப்பை முறித்து, பிறகு எருவிட வேண்டும் என்று அவரிடம் சொன்னோம். “இதை 71ல சொல்லியிருக்கக் கூடாதாப்பா?” என்று சிரித்தார். 71இல் நமக்குப் பன்னிரண்டு வயது.

முந்திரி அவரைச் செல்வராக்கவில்லை, கடனிலிருந்து மீட்டது. தங்கையின் நிக்காஹ் அந்தக் கொட்டையில் நடந்தது. தாயார் 1989இலும் அத்தா 1994இலும் வஃபாத்தானார்கள். அத்தாவை அவ்வூர் மையவாடியிலேயே அடக்கினோம். அங்கு குழி வெட்டுவோர் முதல் நாளே தொடங்குவது வழக்கம்; பக்கவாட்டில் உள்குழி அறுப்பதென்றால் உளி வேண்டும். ஆனால் அறுத்த குழி இடிவதில்லை. திண்டுக்கல் பக்கத்துச் செம்மண்ணில் மண்வெட்டியே போதும். கபுறுக்குள் இறங்கி நின்றபோது இருபுறமும் அந்தச் செம்புராங்கல் சுவர். அத்தாவின் ஐந்து ஏக்கரும் இறுதியில் ஆறடியாக அவரை ஏற்றுக்கொண்டது என்று அப்போது தோன்றியது.

மார்க்க முறைப்படி ஆண் மக்கள் இருவருக்கும் இரண்டிரண்டு ஏக்கர், தங்கைக்கு ஓர் ஏக்கர். ஐந்து ஏக்கர் கணக்காக அமைந்திருந்தது. பல ஆண்டுகள் வேலி போடாமலே பொதுவில் பறித்தோம். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் நூற்று நாற்பது மரங்களில் தொண்ணூறுக்கு மேல் சாய்ந்து கிடந்தன. சாய்ந்த மரங்களின் வேர்கள் தாம்பாளம் போல் தட்டையாக நிமிர்ந்து நின்றன. நாற்பதாண்டுகளாக அவை கல்லின்மேல் பக்கவாட்டிலேயே பரவியிருந்தனவே தவிர, வெடிப்பு கிடைத்த சில மரங்களைத் தவிர மற்றவை உள்ளே இறங்கவே இல்லை. வெடிப்புக் கிடைத்தவை நின்றன.

தம்பி மலேசியாவில் சிற்றுண்டிக் கடை வைத்திருந்தான். 2020இல் நோய்க்கால அடைப்பில் கடை போயிற்று. கடனோடு வந்தவன், சாலை போடுவதற்குச் சரளை எடுக்கும் ஒருவருக்குத் தன் இரண்டு ஏக்கரை விலை பேசிவிட்டான். நாம் கடுஞ்சொல் சொன்னோம். “அண்ணே, நீங்க ஓய்வூதியத்துல உக்காந்துகிட்டு மண்ணைப் பத்தி வகுப்பு எடுக்குறீங்க. எனக்குக் கடன்காரன் வாசல்ல நிக்கிறான்” என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. அதனாலேயே நமக்குச் சினம் மிகுந்தது. இரண்டாண்டுகள் பேச்சில்லை; பெருநாளைக்கு அவன் பிள்ளைகள் மட்டும் வந்து ஸலாம் சொல்லிப் போயினர்.

குழி இப்போது பதினைந்தடி. சரளைக் குழிகளால் நன்மையே இல்லை என்று சொல்லிவிட இயலாது. 1863இல் பல்லாவரத்தில் அப்படியொரு குழியில்தான் இராபர்ட் புரூஸ் புட் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். நம் குழியில் கோடரி எதுவும் அகப்படவில்லை. ஆயினும் அதன் சுவர், முப்பதாண்டு நாம் கரும்பலகையில் வரைந்த படமாகவே நின்றது. மேலே ஒரு சாண் சிவந்த மண்; அத்தா பிடி அள்ளியது அந்த ஒரு சாணைத்தான். அதன்கீழ் உருண்டைச் சரளை. அதன்கீழ் தேனடை போல் துளைபட்ட கல். அதற்கும் கீழே செம்மையும் மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்து, அடியில் வெளுத்துப் போன களி.

சென்ற ஆண்டு மழைக்குப் பின் நம் எல்லை ஓரத்து மரங்கள் மூன்று அந்தக் குழிக்குள் சரிந்தன. தங்கை இருவரையும் அழைத்தாள். “ரெண்டு அண்ணனும் வந்து நிக்காட்டி என் ஒரு ஏக்கரையும் அதே ஆளுக்குக் கொடுத்துட்டுப் போறேன்” என்று மிரட்டினாள். கொடுத்திருக்க மாட்டாள். மச்சான் ஒரு புறமும் நாங்கள் இருவரும் ஒரு புறமுமாக விளிம்பில் நின்றோம். தம்பி நெடுநேரம் கீழே பார்த்துவிட்டு, “அடியில அது என்னண்ணே, வெள்ளையா?” என்று கேட்டான். இரும்பு நீங்கிப்போன களி என்றோம். “அத்தா கெணறு இந்தக் களியிலதான் நின்னுச்சா?” என்றான். ஆம் என்றோம். அதன் பிறகு பேச்சு இயல்பாகத் தொடர்ந்தது.

இப்போது நம் இரண்டு ஏக்கரிலும் தங்கையின் ஓர் ஏக்கரிலும் புயல் விட்ட இடங்களில் குழி எடுத்துக்கொண்டிருக்கிறோம். மூன்றடி ஆழம், கல்லை உடைத்து வெளியே போட்டு, குளத்து வண்டலும் தொழுவுரமும் சுண்ணாம்பும் கலந்து நிரப்புகிறோம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட வி.ஆர்.ஐ.3 ஒட்டுக் கன்றுகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறது. ஒரு குழிக்கு இருவர் அரை நாள் உழைக்க வேண்டும். இதுவரை முப்பத்தெட்டு முடிந்திருக்கின்றன. உடைத்த கல்லை வீணாக்காமல் சரளைக் குழியின் விளிம்பில் தடுப்பாக அடுக்கும் பொறுப்பைத் தம்பி ஏற்றுக்கொண்டு, காலையில் நமக்கு முன்னரே போய்விடுகிறான்.